மாட்டு டாக்டர் பதில்கள்: ஞானியைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

சென்ற இதழில் காங்கயம் பக்கத்து வாசகர் ஒருவர், “எங்கள் ஊருக்கு வந்திருக்கும் சாமி கொடுக்கும் திருநீற்றைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினால் மாட்டுக்குக் கோமாரி வராதாமே?” என்று கேட்டிருந்தார். “திருநீறு உங்கள் நெற்றிக்கு, தடுப்பூசி மாட்டுக்கு” என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. பாராட்டு கொஞ்சம், திட்டு நிறைய. மடிநோய்க்கும் கழிச்சலுக்கும் மருந்து கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். இந்த மாதம் சாமிகளுக்கு.

“மாட்டுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள். ஞானம் அடைந்த ஒரு மகானை எடைபோட உங்களுக்கு என்ன தகுதி? ஞானியை ஞானிதான் அறிவார்.”
– வாசகர், அவிநாசி

தகுதி எதுவும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஞானியை ஞானிதான் அறிவார் என்றால், உங்கள் குரு ஞானி என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கடிதத்தின் அடியில் “அற்பன்” என்றல்லவா கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்!

நம்மைப் போன்ற அற்பர்கள் எதையோ பார்த்துத்தான் ஒருவரைப் பிடித்துக்கொள்கிறோம். குரல், தாடி, இமைக்காத பார்வை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்ன கதை, மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மில் முதலாளி. நான் விசாரிப்பது அந்தத் தடயங்களை மட்டும்தான். அவருடைய நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

சந்தையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், “இளம் மாடு, இரண்டாம் ஈத்து” என்பார். அவரைப் பொய்யர் என்று யாரும் திட்டுவதில்லை. பேசாமல் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம். இரண்டு வயதை ஒட்டி முதல் ஜோடி நிலைப்பல் வரும். கீழ்த்தாடையின் முன்பல் எட்டும் சேர நாலரை, ஐந்து வயது ஆகும். எட்டும் சேர்ந்து தேயவும் தொடங்கிவிட்ட மாட்டை இளம் மாடு என்று யாராலும் விற்க முடியாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று பழமொழி இருக்கிறதே என்பீர்கள். உங்கள் குரு தானமாக வரவில்லையே. பாத பூஜைக்கு ஒரு தொகை, தனி தரிசனத்துக்கு ஒரு தொகை என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விலை கொடுத்தால் பல் பார்க்கலாம்.

வள்ளுவரை நினைத்துக்கொள்ளுங்கள். 27-ஆம் அதிகாரத்தில் தவத்தைப் போற்றிவிட்டு, மூச்சுவிடக்கூட இடைவெளி தராமல் 28-ஆவதாகக் கூடாவொழுக்கத்தை வைத்தார். அதில்தான் புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிர் மேயும் பசு வருகிறது. மாட்டு வைத்தியனுக்கு அந்தக் குறள்மேல் தனிப் பிரியம் இருப்பதில் வியப்பில்லை.

“பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தோழி அழைத்ததால் ஒரு தியான முகாமுக்குப் போனேன். வேகமாக மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் விரல்கள் குறுகுறுத்தன, உதடு மரத்தது, உடம்பு மிதந்தது, அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குண்டலினி எழும்பிவிட்டதாம். அடுத்த நிலைக்குக் கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளம். போகட்டுமா ஐயா?”
– வாசகி, திருப்பூர்

போக வேண்டாம் அம்மா. சம்பளத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உடம்பில் நடந்தது பொய் இல்லை. அதற்கு அவர்கள் சொன்ன காரணம்தான் பொய். தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்துபோகும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், மிதப்பதுபோல இருக்கும். இரத்தத்தின் காரத்தன்மை கூடுவதால், உடம்பு பயன்படுத்தக்கூடிய நிலையில் இருக்கும் கால்சியம் குறையும். விரல் குறுகுறுப்பும் உதடு மரப்பும் அதனால்தான் வருகின்றன. சிலருக்குக் கை விரல்கள் வளைத்துப் பிடித்துக்கொள்வதும் உண்டு. கன்று ஈன்ற கறவைக்குக் கால்சியம் குறைந்து தசை வெடவெடப்பதைப் பல தொழுவங்களில் பார்த்திருக்கிறேன். பால் காய்ச்சல் என்று சொல்லி கால்சியம் ஏற்றுவோம். மாட்டுக்கு ஞானம் வந்துவிட்டதாக இதுவரை யாரும் சொல்லவில்லை.

பயிற்சியை நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விட்டதும் எல்லாம் அடங்கியிருக்குமே? மூச்சுப் பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. மெதுவாகச் செய்கிற பயிற்சியால் பலருக்கு மனம் அமைதியாகிறது. ஆனால் வலிப்பு, இதய நோய் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் விசாரிக்காமல் கூட்டமாக உட்கார வைத்து இப்படி மூச்சு வாங்க வைப்பது ஆபத்து. உங்கள் முகாமில் யாராவது முன்கூட்டி விசாரித்தார்களா?

அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறீர்கள். வீட்டுக்கு வந்தால் சமையல். யாரும் “எப்படி இருக்கிறாய்?” என்று கேட்காத இடத்தில் வாழ்கிற ஒருவருக்கு, கண்ணை மூடி உட்காரச் சொன்னாலே அழுகை வரும். அந்த அழுகை உங்களுடையது. அதற்கு யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை.

“காற்றிலிருந்து திருநீறு எடுத்துக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். இதற்கு என்ன சொல்வீர்கள்?”
– வாசகர், பவானி

கஞ்சியில் பிசைந்து காயவைத்த திருநீற்று உருண்டை. கட்டை விரலின் அடியில் இடுக்கிக்கொண்டால் உள்ளங்கையை விரித்துக் காட்டினாலும் தெரியாது. கையைச் சுழற்றும்போது விரல் நுனிக்குக் கொண்டுவந்து நசுக்க வேண்டும், அவ்வளவுதான். தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஆபிரகாம் கோவூர் 1963-இல் இலங்கையிலிருந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஏமாற்றுக்கு வழியில்லாத சூழலில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய். 1978-இல் அவர் இறக்கும் வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை.

1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? நாடெங்கும் பிள்ளையார் பால் குடித்த நாள். டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து ஏறிய பால் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்தது சாயத்தில் தெரிந்தது. இது வெறும் வேடிக்கை, யாருக்கும் நட்டமில்லை என்று விட்டுவிடலாம். ஆனால் திருச்சிப் பக்கத்தில் ஆசிரமம் வைத்திருந்த பிரேமானந்தாவும் திருநீறு வரவழைத்தவர், வாயிலிருந்து லிங்கம் எடுத்தவர்தான். ஆசிரமத்துச் சிறுமிகளைச் சீரழித்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2005-இல் அதை உறுதி செய்தது. லிங்கத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட கண்களுக்கு அந்தப் பிள்ளைகள் தெரியவில்லை.

என் பங்குக்கு ஒன்று. பணியில் இருந்தபோது ஓர் ஆசிரமத்துக் கோசாலைக்கு இரவில் அழைத்தார்கள். பின்வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்றார்கள். காரணம், குருவின் பார்வை பட்டாலே மாடுகளின் மடிநோய் தீரும் என்று பகலில் பிரசங்கம் நடந்திருந்தது. கட்டுத்தரையில் ஒரு கறவை, மடி கல்லாக வீங்கி, பால் தயிர்க்கட்டியாக வந்துகொண்டிருந்தது. மருந்து ஏற்றினேன். மருந்தின் வீரியம் போகும் வரை இந்தப் பாலைக் கறந்து கீழே கொட்டுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி, சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஊசி போடப் போனபோது வாசலில் வரிசை நின்றது. “குரு பார்வையால் குணமான பசுவின் பால்” பிரசாதமாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் டம்ளரோடு நின்றார்கள். நான் வரிசையின் முன்னால் போய், அண்டாவைக் கவிழ்த்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த வட்டாரத்தில் எனக்கு நாத்திகன் என்று பெயர்.

“நீங்கள் சிவன்மலைக்குப் போகிறவர். பண்ணாரியில் தீக்குண்டம் இறங்கும் விழாவுக்குக் குடும்பத்தோடு போவதாக முன்பு எழுதியிருக்கிறீர்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறீர்கள். பிறகு சாமியார்களை மட்டும் ஏன் குடைகிறீர்கள்? இது இரட்டை வேடம் இல்லையா?”
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

இந்தக் கடிதக் கட்டில் நல்ல கேள்வி இதுதான் டீச்சர். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, மாரியம்மன் வந்து இறங்கும். திருவிழாவுக்குக் கம்பம் நட்ட நாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு. உடுக்கை வேகம் பிடித்ததும் தலைமுடி அவிழும், குரல் மாறும். மாமனாரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பங்காளிக்கு விட வேண்டிய வாய்க்கால் தண்ணீரை ஏன் அடைத்தாய் என்று கேட்பார். ஊர்க் கவுண்டர் உட்பட எல்லோரும் கைகட்டி நிற்பார்கள். கொஞ்ச நேரம்தான். திருநீறு பூசித் தண்ணீர் கொடுத்தால் சாமி மலையேறிவிடும். அமுச்சி எழுந்து முடியை முடிந்துகொண்டு, எருமைக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு நடப்பார். பிறகு மாமனார் எதிரில் வந்தால் எப்போதும்போல ஒதுங்கி நிற்பார். அடுத்த நோன்பு சாட்டும் வரை அவர் மற்ற மருமகள்களைப் போல ஒரு மருமகள்.

அந்த ஆவேசத்துக்கு என்ன காரணம் என்று என்னிடம் கேட்டால், பட்டினி, தாள வேகம், வருடம் முழுவதும் அடக்கிய பேச்சு என்று என்னால் விளக்கம் சொல்ல முடியும். விளக்கம் சொன்ன பிறகும் அமுச்சியின் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை. ஏனென்றால் வந்தது தன்னுடையது என்று அவர் ஒருநாளும் உரிமை கொண்டாடவில்லை. அவருக்கு வந்ததையும் ஊர் அப்படியே விழுங்கவில்லை. புதிதாக ஒருவருக்கு அருள் வந்தால், வந்திருப்பது யார் என்று பெரியவர்கள் நிறுத்திக் கேட்பார்கள். பதில் கோணலாக இருந்தால் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைப்பார்கள்.

சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. முருகன் ஒரு பக்தரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொன்னால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்வார்கள். கனவு கண்டேன் என்றதும் வைத்துவிட மாட்டார்கள். சுவாமியிடம் பூப் போட்டு உத்தரவு கேட்ட பிறகுதான் வைப்பார்கள். கனவு கண்டவர் யாராகவும் இருக்கலாம். பொருளைக் கொடுத்துவிட்டு அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அடுத்தவர் கனவு வந்ததும் பொருள் மாறிவிடும். பெட்டியில் தண்ணீர் இருந்தால் வெள்ளம், மஞ்சள் இருந்தால் மஞ்சள் விலை என்று நடந்து முடிந்த பிறகு பொருத்திச் சொல்கிறார்களே, அதை நான் நம்புவதில்லை. முன்கூட்டி எதைச் சொன்னாலும் பின்னால் ஏதாவது ஒன்று பொருந்தும். ஆனால் கனவு கண்ட எவரும் சிவன்மலை அடிவாரத்தில் தனி ஆசனம் போட்டு உட்கார்ந்ததாக நான் கேள்விப்படவில்லை.

குண்டமும் அப்படித்தான். பங்குனியில் பண்ணாரியில் ஆணும் பெண்ணும், போலீஸ்காரரும், கைக்குழந்தையோடு தாயும் ஆயிரக்கணக்கில் இறங்கி நடக்கிறார்கள். கரியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். கால் படும் நேரமும் கொஞ்சம். அதனால் பெரும்பாலானவர்களுக்குச் சுடுவதில்லை. அதே சூட்டில் இரும்புத் தகடு கிடந்தால் பக்தி வேலை செய்யாது. நடுவில் தடுக்கி விழுந்தவர்கள் தீப்புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனதும் உண்டு. இதெல்லாம் தெரிந்துதான் போகிறேன். குண்டம் இறங்கியவர் திரும்பி வந்து கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். “நான் நெருப்பைக் கடந்தவன், என் காலில் விழு” என்று பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்வதில்லை.

நான் குடைவது, வந்த சாமி மலையேறவே இல்லை என்று சொல்லிக்கொள்பவர்களைத்தான். இருபத்து நான்கு மணி நேரமும் அருள், எந்தக் கேள்விக்கும் பதில், உட்கார வைத்து விசாரிக்க ஊர்ப் பெரியவர் கிடையாது, பூப் போட்டுப் பார்க்க ஆள் கிடையாது. போதாக்குறைக்கு அவர் கோபப்பட்டால் லீலை, நாம் கோபப்பட்டால் அகங்காரம்.

“மாமனார் ஆறு ஏக்கர் தோட்டத்தில் வாய்க்கால் பாயும் இரண்டு ஏக்கரைக் குருவின் அறக்கட்டளைக்கு எழுதப் போகிறார். ‘பற்றை விடு’ என்று குரு சொன்னாராம். என் கணவர் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்.”
– பெயர் வேண்டாம், தாராபுரம் வட்டம்

பற்றை விடச் சொன்னவர் பத்திரத்தைத் தன் அறக்கட்டளையின் பெயரில் ஏன் கேட்கிறார் என்று மாமனாரிடம் கேட்காதீர்கள். சண்டைதான் வரும். முதலில் மூலப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அறக்கட்டளை காட்டும் வழக்கறிஞரிடம் போகாதீர்கள். தோட்டம் பிரிக்கப்படாத பூர்வீகச் சொத்து என்றால் மாமனார் தன் இஷ்டத்துக்கு இரண்டு ஏக்கரைத் தானம் செய்ய முடியாது. மகனுக்கும், இருந்தால் மகள்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்கு அந்த உரிமை வந்துவிட்டது. 2005-இல் எல்லா மகள்களுக்கும் வந்தது. சுய சம்பாத்தியம் என்றால் சட்டப்படி அவருடைய விருப்பம்.

அப்போதும் ஒரு வழி சொல்லிப் பாருங்கள். தானப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வாங்க முடியாது. உயிலாக எழுதினால் உயிரோடு இருக்கும் வரை மாற்றலாம். “உயிலாக எழுதுகிறேன் சாமி, என் காலத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்” என்று மாமனாரே குருவிடம் சொல்லட்டும். அதற்கு என்ன பதில் வருகிறது என்று பக்கத்தில் நின்று கேளுங்கள். நூறு பிரசங்கத்தில் தெரியாதது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

“அப்படியானால் யாருமே ஞானம் அடையவில்லை என்கிறீர்களா? புத்தர்? ரமணர்?”
– கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

அப்படிச் சொல்ல எனக்கு அருகதை இல்லை தம்பி. ஆனால் புத்தரைக் கேட்டாய், அவர் சங்கத்திலேயே நடந்த கதை ஒன்றைச் சொல்கிறேன். வஜ்ஜி நாட்டில் பஞ்சம். பிச்சை கிடைக்கவில்லை. வக்குமுதா ஆற்றங்கரையில் தங்கியிருந்த பிக்குகள் ஒரு யோசனை செய்தார்கள். “இவர் இன்ன தியான நிலையை எட்டியவர், அவர் முழு ஞானம் எட்டிய அருகதர்” என்று ஊராரிடம் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டார்கள். ஊரார் தங்கள் பிள்ளைகளுக்கு இல்லாத உணவை இவர்களுக்குப் போட்டார்கள். மழைக்காலம் முடிந்து புத்தரைப் பார்க்கப் போனபோது மற்ற பிக்குகள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். இவர்கள் மட்டும் கொழுகொழுவென்று வந்தார்கள். விசாரித்தால் குட்டு வெளிப்பட்டது. நான் படித்தவற்றில் உடம்பைப் பார்த்தே நோயைக் கண்டுபிடித்த மிகப் பழைய கதை இதுதான்.

அதன் பிறகு வந்த விதி கடுமையானது. தான் எட்டாத நிலையை எட்டியதாகச் சொல்லும் பிக்குவுக்குச் சங்கத்தில் இனி இடமில்லை. கொலைக்கும் அதே தண்டனைதான். உண்மையிலேயே எட்டியதாக மயங்கிச் சொல்லிவிட்டவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இன்னொரு விதியையும் கேள். உண்மையாகவே எட்டியிருந்தாலும் அதை இல்லறத்தாரிடம் சொல்லிக்கொள்வது குற்றம். சிறிய குற்றம்தான், ஆனால் குற்றம். இன்றைக்கு மேடை ஏறி “நான் ஞானம் அடைந்தது இந்த வயதில், இந்த மரத்தடியில்” என்று தொடங்கும் எவரும் அந்தச் சங்கத்தில் விசாரணை இல்லாமல் தப்பியிருக்க முடியாது.

உலக குரு என்று சிறுவயதிலேயே அறிவிக்கப்பட்டு, தனக்கென்றே ஒரு சபையும் அமைக்கப்பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஹாலந்தில் ஆயிரக்கணக்கான சீடர்கள் முன்னால் அந்தச் சபையைக் கலைத்தார். ரமணருக்கு இடக்கையில் புற்று வந்தது. டாக்டர்கள் திரும்பத் திரும்ப அறுவை செய்தார்கள், அவர் கையை நீட்டினார். 1950 ஏப்ரல் 14 அன்று காலமானார். தன் பார்வையால் புற்று கரையும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. இவர்களுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. மற்றவர்களைப் போலக் கடை விரிக்கவில்லை என்பது மட்டும் வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

“அண்ணன் வேலையை விட்டு ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டான். அப்பா, ‘இனி அவன் என் மகனே இல்லை’ என்கிறார்.”
– வாசகி, கரூர்

அப்பா வாசலை அடைத்தால் அண்ணனுக்கு ஆசிரமம் ஒன்றுதான் வீடாகிவிடும். பொங்கலுக்குக் கூப்பிடுங்கள். குருவைப் பற்றி ஒரு வார்த்தையும் கேலியாகப் பேச வேண்டாம். அவனுடைய ஆதார், சான்றிதழ்கள், பாங்குப் புத்தகம் யார் கையில் இருக்கின்றன என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.

“கிடாரி மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. சாமி ஒருவர் மந்திரித்த கயிறு கொடுத்திருக்கிறார். கட்டலாமா?”
– வாசகர், வெள்ளகோவில்

கட்டுங்கள். கூடவே தாது உப்புக் கலவையும் தினமும் கொடுங்கள். காலையில் பருவத்துக்கு வந்தால் அன்று மாலையும், மாலையில் வந்தால் மறுநாள் காலையும் ஊசி போடச் சொல்லுங்கள். பலரும் கத்தினவுடன் ஓட்டிக்கொண்டு போய் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். அப்படியும் 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்தால் கர்ப்பப்பையைப் பரிசோதிக்க வேண்டும், மருந்தகத்துக்கு ஓட்டி வாருங்கள். கிடாரி வளர வளரக் கயிறு கழுத்தை இறுக்கும். அவ்வப்போது தளர்த்திவிடுங்கள்.